கட்டுமுன் ஒருமுறை கட்டிப் பார்ப்போம்



கட்டட வடிவமைப்பைப் பேசப் பெரியநாயக்கன்பாளையத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் நூற்பு இயந்திரம் செய்யும் ஊர் இது. நூற்பாலை கட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே முதலில் வருவது மிஷின் லேஅவுட். கார்டிங் எங்கே, ரிங் பிரேம் எத்தனை வரிசை என்று முடிவான பிறகுதான் தூண் எங்கே நிற்கலாம் என்ற பேச்சே எழும். தரைக்கடியில் காற்று திரும்பும் டிரெஞ்ச். தலைக்குமேல் ஈரக்காற்று டக்ட், கேபிள் டிரே, கம்ப்ரஸர் லைன், தீயணைப்புக் குழாய். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் தனித்தாளில் வரைகிறார். அவை முட்டிக்கொள்வது சைட்டில்தான் தெரிகிறது.

பிம் என்று நாம் சுருக்கிச் சொல்லும் கட்டடத் தகவல் மாதிரி அந்தத் தாள்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கிறது. அதில் பீம் வெறும் இரண்டு கோடல்ல. ஆழம், காங்கிரீட் தரம், கம்பி எல்லாம் அதனோடு இருக்கும். பீமுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே 400 மி.மீ. இடம், போகவேண்டிய டக்டின் உயரம் 450 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளானில் இது கண்ணில் படாது. மாதிரியில் சிவப்பாகக் காட்டிவிடும். அப்போதே டக்டை அகலமாக்கி உயரத்தைக் குறைத்துவிடலாம். காங்கிரீட் போட்ட பிறகென்றால் கோர் கட்டிங் மிஷின் வரவேண்டும். பீமில் ஓட்டை போடலாமா என்று ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைத் தேடவேண்டும். அதுவரை ஏசி ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இன்னொன்று, தூண் இடைவெளியை மாற்றினால் கம்பி, காங்கிரீட் அளவும் கூடவே மாறும். ஓனர் செலவைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்கலாம். எனக்கு இதுதான் பெரிய லாபமாகப் படுகிறது.

சிங்கப்பூர் 2015இலேயே 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குப் பிம்மைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 2016இல் மத்திய அரசுப் பணிகளுக்குக் கேட்டது. நாக்பூர் மெட்ரோ இதைக் கொண்டே கட்டப்பட்டது. நம் பிள்ளைகளும் கோவை அலுவலகங்களில் உட்கார்ந்து அமெரிக்கக் கட்டடங்களுக்கு ஸ்டீல் டீடெய்லிங் செய்கிறார்கள். பக்கத்து வீதியில் எழும் கல்யாண மண்டபத்துக்கு மட்டும் யாரும் பிம் கேட்பதில்லை.

ஏன்? எலிவேஷன் படத்துக்குக் காசு கொடுக்கும் ஓனர் டிசைனுக்குக் கூடுதலாக இரண்டு மாதம் கொடுக்கமாட்டார். பளபளப்பான த்ரீடி படத்தையே பிம் என்று விற்பவர்களும் உண்டு. இந்த அரங்கிலும் இருக்கலாம், கோபித்துக்கொள்ள வேண்டாம். அதைவிட முக்கியம், ஏசி, எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர்களை ஸ்லாப் போட்ட பிறகுதான் முடிவு செய்கிறோம். யாருடைய குழாயை மாதிரியில் வைப்பது? வரைபடம் முடிந்தபின் டெண்டருக்காகச் செய்யும் மாதிரி வீண்செலவு.

அதனால் இந்த மாநாட்டின் முதல் அமர்வில் மென்பொருள் பேச்சு வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காண்ட்ராக்டர்களை எந்தக் கட்டத்தில் அழைப்பது, அந்தக் கூடுதல் டிசைன் கட்டணத்தை யார் தருவது, மாதிரியில் பிழை வந்தால் பொறுப்பு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதும் விதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் இருக்கும் ஃபோர்மேன்களும் மேஸ்திரிகளும் தயவுசெய்து முன்னால் வாருங்கள். முதல் கேள்வி உங்களுடையது. மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.