கொடையும் குடியாட்சியும்

முல்லைத்தீவு மாவட்டத்திலே நந்திக்கடலின் ஓரமாய் அமைந்த ஊர் வற்றாப்பளை. அங்கே கோயில் கொண்டிருப்பவள் கண்ணகி. கடல்நீரில் விளக்கெரியும் வைகாசிப் பொங்கலுக்கு வன்னியின் நாலா திசைகளிலிருந்தும் மக்கள் அவ்வாலயத்தை நாடி வருவர். மதுரையை எரித்தபின் ஈழம் புகுந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் இதுவென்பது மக்கள் வழக்கு.

அக் கண்ணகியின் கதையிலே அரசியல் நீதி ஒன்று உண்டு. அரண்மனையிற் செல்வாக்குப் பெற்றிருந்த பொற்கொல்லனின் சொல் மன்னன் செவியில் எளிதாக ஏறிற்று. வேற்றூரிலிருந்து வந்த கோவலனின் சொல்லைக் கேட்பார் இல்லை. சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது உண்மை வெளிப்பட்டது. ஆயின், தண்டனையோ அதற்கு முன்னரே நிறைவேறிவிட்டது.

குடியாட்சியில் மக்களே மன்னர். அவர்தம் பிரதிநிதிகளின் செவியை இன்று எளிதில் அடைவோர் யாவர்? தேர்தலுக்குப் பணம் கொடுப்போரே. மேடை, சுவரொட்டி, வாகனம், தொலைக்காட்சி விளம்பரம் யாவும் பணத்தை வேண்டுவன. அப்பணத்தைப் பெரிய கம்பனி ஒன்று கொடுக்குமாயின், எழுதிய ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை, நன்றிக்கடனே போதும். வரிச்சலுகையாகவோ, நிலக் குத்தகையாகவோ, அரசாங்கக் கொந்தராத்தாகவோ அக்கடன் தீர்க்கப்படலாம். நந்திக்கடலில் வலை வீசும் மீனவருக்கும் கம்பனி இயக்குநருக்கும் வாக்கு ஒன்றுதான். அமைச்சரின் கதவு மட்டும் இருவருக்கும் ஒன்றுபோலத் திறப்பதில்லை.

இலங்கையில் 1946ஆம் ஆண்டுத் தேர்தற் கட்டளைச் சட்டம் வேட்பாளரின் செலவுக்கு வரம்பு விதித்திருந்தது. 1981ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தல் சட்டத்தில் அவ்வரம்பு இடம்பெறவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியின் பின்னர், 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் அதனை மீளக் கொணர்ந்தது. 2024 செப்டெம்பர் 21இல் நடந்த சனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்ற கணக்கில், வேட்பாளர் ஒருவருக்கு 186 கோடி ரூபாவுக்குச் சற்று மேற்பட்ட தொகை உச்சவரம்பாயிற்று. வெளிநாட்டார் கொடையும், பெயர் தெரியாதார் கொடையும் விலக்கப்பட்டன.

இது நல்ல தொடக்கமே. எனினும் ஒரு குறை உண்டு. வேட்பாளர் தம் வரவு செலவுக் கணக்கை ஒப்படைப்பது தேர்தல் முடிவு வெளியானபின் 21 நாட்களுக்குள். கொடுத்தவர் யார் என்பதை வாக்காளர் அறியும்போது வாக்கு பெட்டிக்குள் போய்விட்டது. சிலம்பு இங்கும் காலம் கடந்தே உடைகிறது.

அண்டை நாட்டின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. முன் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 7.5 வீதத்துக்கு மேல் கம்பனிகள் கட்சிகளுக்குக் கொடுத்தலாகாது என்ற வரம்பை இந்தியா 2017இல் நீக்கிற்று. கொடுப்பவர் பெயரை மக்களுக்கு மறைக்கும் தேர்தல் பத்திரத் திட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. 2024 பெப்ரவரி 15இல் ஐந்து நீதியரசர் கொண்ட உச்ச நீதிமன்ற ஆயம் அத்திட்டத்தை ஒருமனதாகச் செல்லாததாக்கிற்று. மறுமாதம் பெயர்கள் வெளிவந்தபோது, கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம் ஒன்று 1,300 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் பத்திரம் வாங்கியிருந்தமை தெரிந்தது.

கம்பனிக்கும் கருத்துரிமை உண்டு என்பார் உளர். ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் அவ்வாதத்தை ஏற்றது. ஆயின் கம்பனியின் இயக்குநரும் பங்காளரும் குடிமக்கள் என்ற முறையில் ஏற்கெனவே வாக்குரிமை உடையவர்கள். பங்காளர் பலரின் பணத்தைச் சிலர் கையிலெடுத்து அரசியலில் இறைப்பது இரண்டாவது வாக்கொன்றை விலைக்கு வாங்குவது போலாகும். பெயர் வெளிப்பட்டால் எதிர்க்கட்சி பழிவாங்கும் என்ற அச்சமும் கூறப்படுகிறது. சிறு தொகை கொடுப்போருக்கு அந்தக் காப்பு அளிக்கலாம். பெருந்தொகை கொடுப்போருக்கு அது மறைவிடம் ஆகலாகாது.

செய்யத்தக்கவை தெளிவானவை. பெருங்கொடையாளரின் பெயர் வாக்களிப்புக்கு முன்னரே வெளியிடப்படல் வேண்டும். கம்பனிக் கொடைக்கு வரம்பும், பங்காளர் சம்மதமும் வேண்டும். அரசாங்கக் கொந்தராத்துப் பெறும் நிறுவனங்கள் கொடை வழங்குவது தடுக்கப்படல் வேண்டும். கணக்கைச் சரிபார்க்கும் அதிகாரமும் ஆளணியும் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு வேண்டும்.

பாண்டியன் தன் பிழையை உணர்ந்து உயிர்நீத்தான், கோவலன் மீளவில்லை. நீதி பயன்தர வேண்டுமாயின், உண்மை தீர்ப்புக்கு முந்தி வரல் வேண்டும். குடியாட்சியிலே தீர்ப்பு வழங்குபவர் வாக்காளர்.