ஆளுக்கு முன்னே செல்லும் பெயர்



வெளிநாட்டுப் பிரயாணம் ஒரு காலத்தில் செல்வர்க்கும் வணிகர்க்கும் மட்டுமே உரியதாயிருந்தது. இன்றோ மோகனூர் போன்ற சிற்றூர்களிலிருந்தும் பிள்ளைகள் படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் கடல் கடக்கிறார்கள். அவ்வாறு செல்பவர் விமானத்தில் ஏறுமுன்பே அவருடைய பெயர் அயல்நாட்டு அதிகாரியின் மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தப் பெயருடன் எத்தகைய செய்தி செல்கிறது என்பதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

குற்றவாளிகள் எல்லை கடந்து தப்பிவிடாதிருக்க, நாடுகள் தம் காவல்துறைப் பதிவுகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. இன்டர்போல் என்னும் பன்னாட்டுக் காவல் அமைப்பு 1923 ஆம் ஆண்டில் வியன்னாவில் தோன்றியது. இந்தியா 1949 இல் அதில் உறுப்பு நாடாயிற்று. திருடப்பட்ட, தொலைந்துபோன பாஸ்போர்ட்டுகளின் பட்டியல் ஒன்றை அவ்வமைப்பு 2002 முதல் கணினியில் வைத்திருக்கிறது. நம் நாட்டிலும் 2022 இல் ஒரு விதி பிறப்பிக்கப்பட்டது. அதன்படி, நாட்டிற்குள் வருவோர், நாட்டைவிட்டுச் செல்வோர் ஆகியோரின் பயணப்பதிவு விவரங்களை, விமானம் புறப்படுவதற்கு 24 மணி நேரத்திற்கு முன்னரே விமான நிறுவனங்கள் சுங்கத் துறைக்கு அனுப்பவேண்டும். அவ்விவரங்கள் ஐந்தாண்டுகள் காக்கப்படும்.

இவையெல்லாம் வீண் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். 2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து பீஜிங் நோக்கிப் புறப்பட்ட மலேசிய விமானம் காணாமற்போயிற்று. அதில் இருவர், ஆஸ்திரியர் ஒருவரிடமும் இத்தாலியர் ஒருவரிடமும் களவாடப்பட்ட பாஸ்போர்ட்டுகளைக் கொண்டு ஏறியிருந்தனர். அவ்விரு பாஸ்போர்ட்டுகளும் இன்டர்போல் பட்டியலில் முன்பே இடம்பெற்றிருந்தன. அங்கே பட்டியலைப் பார்ப்பார்தாம் இல்லை. அவ்விருவரும் பயங்கரவாதிகள் அல்லர் என்றே காவல்துறையினர் பின்னர் கருதினர். எனினும், பட்டியல் இருந்தும் பாராமல் விட்டது பெருங்குறையே அன்றோ? ஆகவே, பதிவுகளைப் பகிர்வது தேவைதான். ஆனால், பகிரப்படும் பதிவே பிழையாயிருப்பின் என்ன நேரும்?

ராஹினா இப்ராஹிம் என்னும் மலேசியப் பெண்மணி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாயிருந்தார். 2005 ஜனவரியில் தம் மகளுடன் சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்திற்கு வந்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பின் சக்கர நாற்காலியில் இருந்த அவருக்கு அங்கே கைவிலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் தாய்நாடு செல்ல அனுமதித்தார்கள். ஆனால் படித்த பல்கலைக்கழகத்திற்கு அவரால் திரும்பிவர இயலவில்லை.

காரணம் யாது? ஓர் அதிகாரி நிரப்பிய படிவம். எந்தெந்தப் பட்டியல்களில் பெயரைச் சேர்க்க வேண்டாமோ அவற்றிற்கு எதிரே குறியிடுக என்பது அப்படிவத்தின் கட்டளை. அவரோ அதனைத் தலைகீழாகக் கொண்டு குறியிட்டுவிட்டார். தேர்வுத்தாளில் ‘பொருந்தாததை எடுத்து எழுதுக’ என்றிருக்கப் பொருந்துவதை எழுதிவரும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். மாணவனுக்கு அதனால் ஒரு மதிப்பெண் குறையும். இங்கோ ஒருவருடைய வாழ்வே தடம் மாறியது. ஒரு பட்டியலில் ஏறிய பெயர் அதனோடு இணைந்த பல பட்டியல்களிலும் பரவியது. அந்த அதிகாரி தம் பிழையை உணர்ந்தது 2013 இல், வழக்கு விசாரணையின்போதுதான். பிழையைத் திருத்துமாறு நீதிபதி தீர்ப்பளித்தது 2014 ஜனவரியில். ஒரு பேனாக் குறியை அழிக்க ஒன்பது ஆண்டுகள்!

நம் நாட்டவர் ஒருவருக்கும் இத்தகைய துன்பம் நேர்ந்தது. பெங்களூரைச் சேர்ந்த டாக்டர் முகமது ஹனீஃப் ஆஸ்திரேலியாவில் கோல்டு கோஸ்ட் மருத்துவமனையில் பணியாற்றியவர். புதிதாய்ப் பிறந்த தம் மகளைக் காண ஊர் திரும்பும் வேளையில், 2007 ஜூலை 2 அன்று பிரிஸ்பேன் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அதற்கு இரண்டு நாள் முன்பு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ விமான நிலையம் தாக்கப்பட்டிருந்தது. ஹனீஃப் முந்தைய ஆண்டு பிரிட்டனை விட்டுப் புறப்படும்போது தம் தொலைபேசியின் சிம் அட்டையை உறவினர் ஒருவரிடம் கொடுத்து வந்திருந்தார். அந்த அட்டை கிளாஸ்கோவில் எரிந்த வண்டியில் கிடைத்தது என்று நீதிமன்றத்தில் கூறப்பட்டது. உண்மையில் அது கிடைத்ததோ பல காதங்களுக்கு அப்பால் உள்ள லிவர்பூல் நகரில்.

நீதிபதி பிணை வழங்கிய அன்றே அவருடைய விசா ரத்து செய்யப்பட்டது. ஜூலை 27 இல் வழக்குத் திரும்பப் பெறப்பட்டது. ஆகஸ்டில் விசா ரத்தையும் நீதிமன்றம் தள்ளியது. அவருக்கு எதிராகச் சான்று ஏதும் இல்லை என்பதை 2008 இல் விசாரணை அறிக்கை தெளிவாக்கியது. 2010 இல் இழப்பீடும் கிடைத்தது. ஆனால், மகளைக் காண வேண்டிய அந்த நாட்களை எந்த இழப்பீடு திருப்பித் தரும்?

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஒன்றைக் கவனியுங்கள். சந்தேகம் விரைந்து செல்கிறது. திருத்தம் தயங்கித் தயங்கி நடக்கிறது. பதிவை அனுப்பிய நாடே அதன் திருத்தத்தையும் அதே வழியில், அதே விரைவில் அனுப்பக் கடமைப்பட்டது. பட்டியலில் உள்ள பெயரைக் கண்டவுடன் இவர்தாம் அவர் என்று முடிவு கட்டாமல், விசாரிப்பதற்கு அதை ஒரு தொடக்கமாக மட்டுமே கொள்ளவேண்டும். பாதிக்கப்பட்டவர் முறையிட ஓரிடமும் வேண்டும். இன்டர்போலில் அதற்கென ஓர் ஆணையம் உண்டு. அமெரிக்காவிலும் பிரயாணிகள் முறையிட ஓர் ஏற்பாடு உண்டு. அவை இருப்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

தமிழராகிய நமக்குச் சில தனிக் கவனங்களும் வேண்டும். நவலடியான் கோயில் கொண்டுள்ள எங்கள் மோகனூரில் நவலடி என்ற பெயருடையார் பலர். தகப்பனார் பெயரின் முதலெழுத்தைக் கொண்டே பள்ளியில் அவர்களைப் பிரித்தறிவோம். ஆனால், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்றும் இட்ட பெயர் என்றும் இரண்டு கட்டங்கள் உள. நம் முதலெழுத்து அவற்றுள் எதற்கும் பொருந்துவதில்லை. ஒரு கட்டத்தை வெறுமையாய் விட்டவர்களும் இடர்ப்படுகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே கொண்டோர் சுற்றுலா விசாவில் வர இயலாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. தந்தையார் பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் உட்பக்கத்தில் இருப்பின் போதும் என்று பிறகு விளக்கம் தந்தது. ஆதலின், பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் உங்கள் பெயரும் அதன் எழுத்துக்கூட்டலும் பிறந்த தேதியும் ஒன்றாயிருக்குமாறு இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தொலைந்ததென்று அறிவித்த பாஸ்போர்ட் பின்னர் அகப்பட்டாலும் அதைக்கொண்டு பிரயாணம் செய்யாதீர்கள். அது களவுப் பட்டியலில் ஏறியிருக்கக் கூடும்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். இன்று இவ்வுரையைக் கேட்கும் உங்களுள் சிலர் நாளைக்குக் காவல்துறையிலோ, குடிவரவுத் துறையிலோ, கணினி நிறுவனத்திலோ அமர்ந்து இத்தகைய படிவங்களை நிரப்புவீர்கள். அப்போது ஒரு கட்டத்தில் குறியிடுமுன் கட்டளையை மீண்டும் ஒரு முறை படியுங்கள். அப்பெயருக்கு உரியவர் ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டு ஒரு தாயோ குழந்தையோ எங்கோ காத்திருக்கிறார்கள்.