கண் போன பின்பும் கற்பித்தவர்
(நமது சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்து, முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு காலம் தள்ளியவன். ஓவியத்தைப் பற்றி இவன் என்ன பேசப் போகிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் பேசப் போவது ஓர் ஓவிய வாத்தியாரைப் பற்றி.

பினோத் பிஹாரி முகர்ஜி 1904ல் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றதில் கடுமையான கிட்டப்பார்வை. இப்படிப்பட்ட பையனை ஓவியம் கற்கச் சேர்க்கலாமா என்று சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் தயங்கினாராம். அவனுக்கு ஆர்வம் இருந்தால் விட்டுவிடுங்கள் என்று தாகூர் சொன்னதாகச் சொல்வார்கள். அந்தப் பையன் 1925 முதல் அங்கேயே ஆசிரியர்.

கல்கத்தாவில் உத்தியோகம் பார்த்தபோது ஹிந்தி பவனத்தில் அவருடைய சுவரோவியத்தைப் பார்த்தேன். 1946-47ல் வரைந்தது. கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் என்று மத்திய கால மகான்கள் நதி போல வரிசையாக வருகிறார்கள். நம் ராமானுஜரும் இருக்கிறார்! ஈரமான சுண்ணாம்புப் பூச்சின் மேல், அது காய்வதற்குள், தண்ணீரில் குழைத்த வர்ணத்தைத் தீட்ட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாக மாறும்போது வர்ணம் அதற்குள் சிறைப்பட்டுவிடும். அழித்து எழுத இடமில்லை. (கோப்பில் வெள்ளை மை தடவித் திருத்திய நமக்கு இது புரியாது.) சுவரளவுக்கு மாதிரி வரைந்து ஒற்றி எடுக்கவும் இல்லை. முழுச் சுவரையும் தள்ளி நின்று பார்க்கக் கண் கிடையாது. மனசிலேயே அத்தனையையும் வைத்துக்கொண்டு துண்டு துண்டாக வரைந்திருக்கிறார்.

அந்தச் சுவரில் அவருக்கு உதவிய மாணவர்களில் ஒருவர் கே.ஜி. சுப்ரமணியன். பாலக்காட்டுத் தமிழ் அய்யர் குடும்பம்; பிறந்தது 1924ல், கூத்துப்பறம்பில். சென்னை பிரசிடென்ஸி கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். அரசுக் கல்லூரிகளின் கதவு மூடியதும் 1944ல் சாந்திநிகேதன் போனார். நம் வீடுகளில் அன்றைக்கு இதை உருப்படாத வழி என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்றைக்கும் சொல்வோம்.

இன்னொரு மாணவர் சத்யஜித் ராய். 1940ல் சேர்ந்தவர். விடுதிக் கூரையில் பினோத் பாபு தீட்டியிருந்த பீர்பூம் கிராமக் காட்சி அவர் மனசில் தங்கிவிட்டது.

1956ல் கண்புரை அறுவை சிகிச்சை தோற்று, இருந்த பார்வையும் போயிற்று. அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இங்கே கொஞ்சம் சொந்த விஷயம்: எனக்கு இடது கண்ணில் க்ளாக்கோமா. டாக்டர் சொன்ன பிறகுதான் இவரைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தைரியம் வந்ததா என்று கேட்டால், பாதி வந்தது.

அவர் 1958ல் கலா பவனத்துக்கே திரும்பிக் கலைக் கோட்பாடு கற்பித்தார். விரலால் தடவி மெழுகில் உருவம் செய்தார். காகிதத்தை மடித்தும் வெட்டியும் உருவங்கள் அமைத்தார். அவற்றைக் கொண்டு 1972ல் கலா பவனத்தில் ஓட்டுச் சுவரோவியம் ஒன்று எழுந்தது. அதே வருஷம் ராய் தம் குருவைப் பற்றி ‘தி இன்னர் ஐ’ என்ற குறும்படம் எடுத்தார். இருபதே நிமிஷம். அதில் அனுதாபம் தேடும் தொனி துளியும் கிடையாது; எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

பினோத் பாபு 1980ல் காலமானார். அதே வருஷம், பரோடாவில் பல்லாண்டுகள் கற்பித்த சுப்ரமணியன் சாந்திநிகேதனுக்கு ஆசிரியராகத் திரும்பினார். அங்கே ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர்களில் கறுப்பு வெள்ளையில் தீட்டியதை, 2009ல் எண்பத்தைந்து வயதில் திரும்பவும் தீட்டினார். 2012ல் பத்ம விபூஷண். 2016ல் பரோடாவில் மறைந்தார்.

போல்பூர் ஸ்டேஷனில் இறங்கினால் சாந்திநிகேதன் பக்கம்தான். ஹிந்தி பவனத்துக்குள் போக அனுமதி உண்டா என்று முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போங்கள். முதலில் கிட்டே நின்று பாருங்கள், அவர் பார்த்த தூரத்தில்.