விரைவு வண்டியும் வழியோர மக்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ரயில் வண்டியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அதுவும் நம் நாட்டு வண்டியன்று. கடல் கடந்த மெக்சிகோ நாட்டு வண்டி. ஆயினும் சுற்றுலாத் தலங்களை இணைக்கும் அந்த விரைவு ரயிலைக் குறித்து எழுந்த வாதம், கல்வியைத் தேடிப் புறப்பட்ட நமக்கு ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. அதனை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

மெக்சிகோவின் தென்கிழக்கில் யூக்கடான் என்னும் தீபகற்பம் உள்ளது. அது மாயா மக்களின் மண். சிச்சேன் இட்சா, பலெங்கே, டூலும் ஆகிய இடங்களில் அவர்தம் முன்னோர் எழுப்பிய கற்கோயில்களை இன்று உலகமே சென்று காண்கிறது. கற்கோயிலைக் கண்டு வியப்போர், அதனைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஸ்பானியர் ஆட்சியிலும் அதற்குப் பின்னரும் மாயா மக்கள் தம் நிலத்திலேயே கூலிகளாயினர். 1847-ஆம் ஆண்டில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அந்தக் கிளர்ச்சிக்கு வரலாறு தந்த பெயர் ‘சாதிப் போர்’ என்பதாகும். அங்கே சாதி என்றது இனப் பிரிவையே குறித்தது எனினும், அப்பெயரைக் கேட்டு நாம் சற்று நின்று சிந்திக்காமல் இருக்க முடியாது. கிளர்ச்சியாளரின் தலைமையிடமான சான் சாந்தா குரூஸ் நகரை 1901-இல் அரசுப் படை கைப்பற்றியது.

அந்த மண்ணுக்கு இருப்புப்பாதை புதிதன்று. 1881-இலேயே மெரிடா நகருக்கும் புரோக்ரெசோ துறைமுகத்துக்கும் இடையே ரயில் ஓடியது. கயிறு திரிக்கப் பயன்படும் ஒருவகைக் கற்றாழை நாரைக் கப்பலுக்குச் சுமந்து சென்றது அவ்வண்டி. அந்நாரை வெட்டிக் குவித்த மாயா உழைப்பாளிகளோ பண்ணைகளில் கடனுக்குக் கட்டுண்டு கிடந்தனர். தந்தையின் கடன் மகன்மேல் ஏறிய கதையை நம் முன்னோர்க்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. செல்வம் ரயிலேறிப் போயிற்று; கடன் மட்டும் குடிசையில் தங்கிற்று.

பின்னர் 1970-இல் கான்குன் கடற்கரையில் அரசே ஒரு சுற்றுலா நகரை எழுப்பத் தொடங்கியது. மாளிகை விடுதிகள் எழுந்தன. கல் சுமக்கவும் அறை துடைக்கவும் உணவு பரிமாறவும் உள்நாட்டிலிருந்து மாயா மக்கள் வந்து சேர்ந்தனர். விடுதியின் வாயில் அவர்களுக்கும் திறந்தே இருந்தது. ஆனால் அது பணியாளர் வாயில்.

இந்தப் பின்னணியில்தான் 2018-இல் ஆட்சிக்கு வந்த அதிபர் லோப்பஸ் ஒப்ரடோர் ‘மாயா ரயில்’ என்னும் பெருந்திட்டத்தை முன்வைத்தார். ஐந்து மாநிலங்களின் வழியே ஏறத்தாழ 1,550 கிலோமீட்டர் நீளப் பாதை. மணிக்கு 160 கிலோமீட்டர் வரை செல்லத்தக்க பயணி வண்டிகள். பிற நாடுகளில் 250 கிலோமீட்டருக்கு மேல் பாயும் வண்டிகளை நோக்க இது குறைவே. அப்பகுதிக்கோ இதுகாறும் காணாத வேகம். முதற்பகுதி 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஓராண்டில் பாதை முழுவதும் திறக்கப்பட்டது. 15,000 கோடி பெசோவுக்குள் முடியும் என்று தொடக்கத்தில் கூறப்பட்ட செலவு, இறுதியில் 50,000 கோடியைத் தாண்டியது.

இருதரப்பு வாதங்களையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஆதரித்தவர்கள் கூறியது இது: நாட்டின் தென்கிழக்கு நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது, சுற்றுலாப் பணம் கடற்கரையோடு நின்றுவிடுகிறது, ரயில் அதனை உள்ளூர்களுக்கும் கொண்டு செல்லும், வேலை கிடைக்கும், உள்ளூர் மக்களுக்குக் குறைந்த கட்டணமும் உண்டு. இவ்வாதத்தை எள்ளி நகையாடுதல் தகாது. சாலையும் வண்டியும் இல்லாத ஊரில் பிள்ளை பெறத் துடிக்கும் தாய்க்கு, காட்டின் அழகு ஆறுதலாகாது. மாயா மக்களிலேயே பலர் இத்திட்டத்தை வரவேற்றனர்.

எதிர்த்தவர்கள் கூறியது வேறு. யூக்கடான் நிலத்தடி சுண்ணாம்புக்கல்லால் ஆனது. அதனுள்ளே குகைகளும் ஆறுகளும் ஊடாடுகின்றன. அந்நீரே ஊர்களின் குடிநீர். அதன்மேல் காட்டை வெட்டித் தூண் நாட்டினால் நீர் கெடும் என்றனர். நிலையம் வந்தால் நிலத்தின் விலை ஏறும், விலை ஏறினால் ஏழை வெளியேறுவான் என்றும் அஞ்சினர். எம்மைக் கேளாமல் எம் பெயரை வண்டிக்குச் சூட்டியது ஏன் என்றும் மாயா மக்களில் சிலர் வினவினர்.

கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2019 டிசம்பரில் ஊர்க்கூட்டங்களும் வாக்கெடுப்பும் நடந்தன. ஏறத்தாழ 1 லட்சம் பேர் வாக்களித்தனர். அவர்களில் 92 விழுக்காட்டினர் ஆம் என்றனர். ஆனால் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை ஆணையர் அலுவலகம், மெக்சிகோவிலிருந்தே இதனைக் குறை கூறியது. நன்மைகள் மட்டுமே மக்களுக்கு எடுத்துரைக்கப்பட்டன, தீமைகள் உரைக்கப்படவில்லை, பெண்களின் பங்கேற்பு குறைவு என்று சுட்டியது. பழங்குடி மக்களை உரிய தகவலுடன் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும் என்னும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169-ஆம் உடன்படிக்கையை மெக்சிகோ 1990-இலேயே ஏற்றிருந்தது.

இளைஞர்களே, இந்த இடத்தை நன்கு கவனியுங்கள். கான்குனுக்கும் டூலுமுக்கும் இடைப்பட்ட பகுதியில் பாதை முதலில் நெடுஞ்சாலையை ஒட்டியே திட்டமிடப்பட்டது. விடுதி உரிமையாளர்களும் வணிகர்களும் எதிர்த்தனர். 2022-இன் தொடக்கத்தில் பாதை காட்டுக்குள் நகர்த்தப்பட்டது. சிற்றூர் மக்களும் குகை நீரைக் காக்க எண்ணியோரும் வழக்குமன்றம் சென்றனர். இடைக்காலத் தடைகளும் கிடைத்தன. அரசோ திட்டத்தை நாட்டுப் பாதுகாப்பைச் சார்ந்தது என அறிவித்துப் பணியைத் தொடர்ந்தது. அத்தகைய ஆணையை 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது; அன்றே புதிய ஆணை பிறந்தது. முதலாளியின் குரலுக்குப் பாதை வளைந்தது. ஏழையின் குரலுக்கு அது வளையவில்லை. வேகம் வேண்டுமா வேண்டாவா என்பதைக் காட்டிலும், யார் சொல்லுக்குப் பாதை வளைகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. 1901-இல் சிறுவராயிருந்த அண்ணல் அம்பேத்கர் உடன்பிறந்தாரோடு ரயிலேறித் தந்தையைக் காணச் சென்றார். மசூர் நிலையத்தில் இறங்கிய அச்சிறுவர்கள் மகர் இனத்தவர் என அறிந்ததும் நிலைய அதிகாரி முகம் மாறி விலகினார். வாடகை வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தனர். இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைத் தாமே ஓட்டிச் செல்ல நேர்ந்தது. ரயில் அவர்களை ஏற்றிக்கொண்டது. ஊர் அவர்களை ஏற்றுக்கொள்ளவில்லை. 1938 பிப்ரவரியில் மன்மாட் நகரில் கூடிய தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அவரே பேசினார். பாதையைச் செப்பனிடும் கூலியாக மட்டுமே நம்மவர் வைக்கப்படுவதையும், நிலைய அதிகாரியின் வீட்டு வேலையும் போர்ட்டர் பணியோடு சேர்ந்திருந்ததால் தீண்டாமை காரணமாகப் போர்ட்டர் வேலைகூட மறுக்கப்படுவதையும் எடுத்துக்காட்டினார். பாதையை இட்டவன் கை நம் கை. பயணத்தை வகுத்தவன் கை நம் கையன்று.

இன்று நம் நாட்டிலும் விரைவுப் பாதைகள் பேசப்படுகின்றன. இருப்புப்பாதைச் சட்டத்தின்படி, சிறப்புத் திட்டத்துக்கென நிலம் எடுக்க அறிவிப்பு வெளியானால், அந்நிலத்தில் உரிமையுடையோர் 30 நாள்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம். முப்பதே நாள்! அறிவிப்பைப் படிக்கத் தெரியாதவனுக்கு முப்பதாண்டு கொடுத்தும் பயனில்லை. 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், எடுக்கப்படும் நிலத்தை நம்பி மூன்றாண்டு பிழைத்த நிலமில்லாக் கூலிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கருதுகிறது. அதன் மறுவாழ்வு விதிகள் 2015 முதல் இருப்புப்பாதைக்கும் பொருந்தும். ஆனால் சமூகத் தாக்க ஆய்வு நடத்தும் கடமையிலிருந்து அதே சட்டம் இருப்புப்பாதைக்கு விலக்கு அளித்துள்ளது. பட்டா இல்லாத நம் மக்களுக்கு இவ்விரண்டு செய்தியும் உயிர்நாடி போன்றவை. நம்மில் எத்தனை பேர் இவற்றை அறிவோம்?

ஆதலின் நம் கழகம் அடுத்த கட்டத்தில் செய்ய வேண்டிய பணி தெளிவாகிறது. தேர்வில் வெற்றி பெறச் செய்வது போதாது. ஊர்தோறும் அரசிதழைப் படிக்கவும், நில அளவைப் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், பொதுக்கூட்டத்தில் எழுந்து “இதன் தீமை என்ன? அதையும் சொல்லுங்கள்” என்று கேட்கவும் வல்ல ஓர் இளைஞரையும் ஓர் இளம்பெண்ணையும் நாம் உருவாக்க வேண்டும். நம் பிள்ளைகளில் சிலர் பொறியாளராகிப் பாதையின் கோட்டை வரையும் மேசையில் அமர வேண்டும். சிலர் வழக்கறிஞராகி அக்கோட்டைக் கேள்வி கேட்க வேண்டும். இரண்டுமே கல்வியின் கடமை.

ரயில் வேண்டாவென்று நாம் கூறவில்லை. நம் பாட்டன் ஏறத் தயங்கிய வண்டியில் நம் பேத்தி துணிந்து ஏறட்டும். அது அவள் ஊரிலும் நிற்கட்டும். எங்கே நிற்பது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அவளும் ஒருத்தியாக இருக்கட்டும். அதற்கு வேண்டிய கல்வியை அவளுக்கு அளிப்பதே இவ்வெள்ளி விழாவில் நாம் ஏற்கும் உறுதியாகுக.

வளர்க நம் கழகம்!