ரவிக்கையில் ஒரு கறை

(சங்க ஆண்டு விழாவின் மாதர் அரங்கில் பெண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



யாது குறித்துப் பேசப்போகிறீர்கள் எனச் செயலாளர் அம்மையார் வினவியபொழுது, 'முலைக்காம்பில் உண்டாகும் கசிவு' என்றேன். அவர் சற்றே தயங்கி, 'மாதர் நலம்' என்று மட்டும் அழைப்பிதழில் அச்சிடலாமா என்றார். அவர்மீது குறை கூறேன். அந்தத் தயக்கத்தைக் குறித்தே யான் பேச வந்தேன்.

ஊரில் இருந்தால் இத்தகைய செய்தியை அடுக்களையில் தாயிடமோ அத்தையிடமோ மெல்லச் சொல்லிவிடலாம். மும்பையில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவள் யாரிடம் சொல்வாள்? மருத்துவரிடம் சென்றாலோ மராத்தியும் இந்தியும். மொழிபெயர்க்க உடன் வருபவன் பள்ளி செல்லும் மகன். அவன் முன்னிலையில் இதைச் சொல்லத் தாய்க்கு நா எழுமா?

என்னிடம் வந்த தாய் ஒருவர், கறைபட்ட ரவிக்கையை வீட்டார் உறங்கிய பின்னர்த் துவைத்து உலர்த்தியே ஆறு மாதம் கழித்திருந்தார். புற்றுநோய்தான் எனத் தமக்குத் தாமே தீர்ப்பளித்து, மகளின் திருமணம் முடியட்டும் என்று காத்திருந்தார். சோதித்ததில், பால் நாளத்தினுள் மருப்போல் வளர்ந்த சிறு கட்டி, புற்று அன்று. சிறு அறுவையில் அகற்றப்பட்டது. வேறொருவர்க்காயின் அந்த ஆறு மாதம் மனவேதனையோடு நின்றிராது.

மார்பகத்திலிருந்து பதினைந்து இருபது நாளங்கள் காம்பில் வந்து திறக்கின்றன. கருவுற்ற பின்மாதங்களில் சீம்பால் கசிவது இயல்பு. குழந்தைக்குப் பால் மறக்கச் செய்த பின்னரும் சில மாதம், சிலருக்கு இரண்டாண்டு வரையிலும், சொட்டுச் சொட்டாய் வரக்கூடும். அழுத்தினால் மட்டும் வரும் கசிவு பெரும்பாலும் அஞ்சத்தக்கதன்று. 'இன்றும் வருகிறதா?' என்று நாள்தோறும் அழுத்திப் பார்ப்பதே அதனை நிற்கவிடாமற் செய்யும்.

இவ்விடத்தில் பாட்டிமார்களிடம் ஒரு விண்ணப்பம். பிறந்த குழந்தைக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், மார்பு சிறிது வீங்கிப் பால்போன்ற நீர் வருவதுண்டு. தாயிடமிருந்து வந்த ஹார்மோனின் விளைவு அது. சில வாரங்களில் தானே அடங்கும். குளிப்பாட்டும்போது அதைப் பிதுக்கி எடுக்கும் வழக்கத்தை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். பிதுக்கியதனால் சீழ்கட்டி, கத்தியால் கீறவேண்டி வந்த பச்சிளங் குழந்தைகளைக் கண்டிருக்கிறேன்.

கருவுறாத, பாலூட்டாத பெண்ணுக்கு இரு மார்பிலும் பால் சுரந்தால், காரணம் பெரும்பாலும் மார்பகத்தில் இராது. வாந்திக்குத் தரும் டாம்பெரிடோன், மனநோய்க்குரிய சில மருந்துகள், தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவை புரோலாக்டின் என்னும் ஹார்மோனை மிகுவிக்கும். மாதவிடாயும் நின்று, தலைவலியும் பார்வைக் குறைவும் சேர்ந்தால், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைச் சோதித்தல் வேண்டும். மருந்தைத் தாமே நிறுத்திவிடாமல், அட்டையோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பல துளைகளிலிருந்து பச்சையாகவோ பழுப்பாகவோ வருவது, நாளங்கள் விரிவதால் நேர்வது. பெரும்பாலும் தீங்கற்றது, எனினும் ஒருமுறை காட்டிவிடுவது நன்று. சீழும் சிவப்பும் காய்ச்சலும் இருப்பின் அன்றே செல்க.

தாமதம் கூடாதது எது? அழுத்தாமலே, ஒரு மார்பில், ஒரே துளையிலிருந்து குருதியாகவோ தெளிந்த நீராகவோ வருவது. கட்டி தென்படுதல், காம்பு புதிதாக உள்ளிழுத்தல், தோல் குழிதல், காம்பில் ஆறாத புண் ஆகியன சேர்ந்தால் ஐயமே வேண்டா. ஆடவர்க்குக் கசிவு எவ்வகையாயினும் காட்டியே தீர வேண்டும். இதை வீட்டில் சொல்லுங்கள். இத்தகைய கசிவிலும் புற்றல்லாத காரணமே மிகுதி. ஆனால் எது என்பதைச் சோதனைதான் சொல்லும், மனம் சொல்லாது. மருத்துவர் கையால் தொட்டுப் பார்ப்பார், அல்ட்ராசவுண்டு எடுப்பார், நாற்பதை ஒட்டிய வயதினர்க்கு மம்மோகிராமும் எடுப்பார். படத்தில் ஒன்றுமில்லை என வந்தும் கசிவு நீடித்தால் மீண்டும் செல்லுங்கள்.

'கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகையில் காட்டிக்கொள்ளலாம்' என்பது நம் குடியிருப்புகளில் யான் மிகுதியாகக் கேட்கும் சொல். சென்னை அடையாற்றில், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய நிலையம் இருப்பது உண்மையே. ஆயின் மாதுங்காவில் மின்ரயில் ஏறினால் இரண்டாம் நிலையம் பரேல். டாட்டா நினைவு மருத்துவமனை 1941 முதல் அங்கே இருக்கிறது. அதற்கும் முன்னதாக, உங்கள் தெருவிலுள்ள பெண் மருத்துவரே போதும்.

சொல்ல நாணுபவர்கள் ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள்: என்று தொடங்கியது, எந்தப் பக்கம், என்ன நிறம், தானே வருகிறதா, கடைசி மாதவிடாய் எப்பொழுது, உண்ணும் மருந்துகள் யாவை. தமிழில் எழுதித் தந்தால் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்க யான் இருக்கிறேன். மகனை அழைத்துவர வேண்டுவதில்லை.

அடுத்துச் சிறுவர் நாடகம் என்று மணி அடிக்கிறார்கள். நாடகம் முடியும் வரையில் மேடைக்குப் பின்னுள்ள அறையில் இருப்பேன். கதவுக்குத் தாழ் உண்டு.