மலிவு டீசலும் லயத்து நெருப்பும்

(தொழிலாளர் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



2022ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. ஜூன் மாதக் கடைசியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் 87 ரூபாவாக இருந்ததால் அதை டீசலில் கலந்து ஓட்டியவர்கள் உண்டு. ஓகஸ்ட் மாதம் அதுவும் 340 ரூபாவாக ஏறி, நம் அடுப்பிலும் விளக்கிலும் கை வைத்தது.

இப்போது நம் இளைஞர்கள் சிலர் வேறொன்று கேட்கிறார்கள். கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடித்து, மண்ணெண்ணெயோ பெற்றோலோ ஊற்றி இளக்கினால் டீசல் ஆகாதா?

கேள்வியில் பிழையில்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. ஆனால் இன்றைய லொறியின் பம்பும் இஞ்செக்டரும் மெல்லிய டீசலுக்காகச் செய்யப்பட்டவை. சமையல் எண்ணெய் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு தடிப்பு. மண்ணெண்ணெய் ஊற்றினால் தடிப்புக் குறையும், கொழுப்பு போகாது. அது முழுதாக எரியாமல் இஞ்செக்டர் நுனியில் கரியாகப் படியும். மிச்சம் எஞ்சின் ஒயிலில் இறங்கி அதைக் கூழாக்கும். எண்ணெயில் கிடக்கும் தண்ணீரும் தூளும் பில்டரை அடைக்கும். முதல் வாரம் வண்டி நன்றாக ஓடும்; செலவு பிறகுதான் வரும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்து மேட்டுத் தோட்டங்களில் விடியற்காலைக் குளிர் போதும். ஓட்டோ வைத்திருப்பவர்கள் இதை நினைக்கவே வேண்டாம். அநேகமான ஓட்டோக்கள் பெற்றோலில் ஓடுபவை; அவற்றுக்கு இந்த எண்ணெய் ஆகவே ஆகாது.

முறையான பயோடீசல் வேறு. மெதனோலும் காரமும் சேர்த்து, எண்ணெயிலிருந்து கிளிசரினைப் பிரித்து எடுப்பது அது. மெதனோல் கண்ணைக் குருடாக்கும், உயிரையும் எடுக்கும் நஞ்சு. அது லயத்தில் செய்கிற வேலை அல்ல.

எஞ்சின் போனால் கடன்பட்டாவது திருத்தலாம். பெரிய ஆபத்து வீட்டில்தான் இருக்கிறது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு தவழ்ந்து அடுப்படிக்குப் போகும். பெற்றோல் கலந்த எண்ணெயும் பெற்றோலைப் போலவே தீப்பிடிக்கும். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு அந்தக் காம்பராவோடு நிற்பதில்லை. கூரை ஒன்று, சுவர் ஒன்று.

ஆகவே மூன்று விடயங்களை மனதில் வையுங்கள். பெற்றோலையும் கலவையையும் காம்பராவுக்குள் வைக்க வேண்டாம். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்ற வேண்டாம். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எண்ணெயில் பிடித்த நெருப்புக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மண்ணைப் போட்டு மூடுங்கள்.

தோழர்களே, இந்தப் பேச்சு ஏன் எழுகிறது? பிரசவ வலியில் துடிக்கும் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். மழையில் பிள்ளைகள் பாடசாலைக்குப் போக வேண்டும். தேவை உண்மையானது. அதற்கான பதில் நம் காம்பராவில் இருக்கும் எண்ணெய்க் கேன் அல்ல. கொழுந்து லொறிக்கும் நோயாளியை ஏற்றும் வண்டிக்கும் டீசல் தேடுவது நிர்வாகத்தின் பொறுப்பு. கலவை ஊற்றி ஓட்டும்படி எந்தச் சாரதிக்காவது சொல்லப்பட்டால் அவர் மறுக்கட்டும். அன்றைக்கே தோட்டத் தலைவருக்கு அறிவிக்கட்டும். எஞ்சின் பழுதானால் பழி அவர் தலையில்தான் விழும்.

தட்டுப்பாடு மீண்டும் வரலாம். அவசர வண்டிக்கென்று டீசலைப் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இப்போதே எழுத்தில் கேட்கட்டும். வரிசை நீண்ட பிறகு கேட்டுப் பயனில்லை.