ஆய் போனால் மிட்டாயா?

(நமது சங்கக் கூட்டத்தில் இளம் பெற்றோருக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)

ஜூன் நெருங்கினால் நம் மதுராந்தகம் தெருக்களில் ஒரே கேள்விதான். "ப்ளே ஸ்கூலில் டயப்பர் இல்லாமல் அனுப்பச் சொல்கிறார்கள், இவன் உட்காரவே மாட்டேன் என்கிறான், சாக்லேட் கொடுத்துப் பழக்கலாமா?" கேட்பது அம்மா. "கொடுத்தால் என்ன?" என்பது தாத்தா. "கூடவே கூடாது" என்பது அப்பா. மூவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நம் பாட்டிமார் டயப்பர் அறியாதவர்கள். காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களின் மேல் குழந்தையை இருத்தி, 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் கொடுப்பார்கள். மிட்டாயும் இல்லை, செலவும் இல்லை. (இன்று கடையில் விற்கும் பிளாஸ்டிக் சீட்டுக்கும் 'பாட்டி' என்றே பெயர். பொருத்தம்தான்.) ஆனால் அது பெரியவர்கள் நேரம் பார்த்துப் பிடித்துக்கொள்வது. குழந்தையே உணர்ந்து, அடக்கி, சொல்லி, போய் உட்காருவது வேறு. அது பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குப் பிறகுதான் தொடங்கும். பல பிள்ளைகளுக்கு மூன்று வயதும் ஆகலாம்.

பரிசு கொடுத்துக் கழிப்பறைக்கு அழைப்பது நமக்குப் புதிதல்ல. திருச்சி மாவட்டம் முசிறியில், ஸ்கோப் தொண்டு நிறுவனம் அமைத்த சமுதாயக் கழிப்பறையில் 2008 வாக்கில் ஒரு தடவைக்கு 10 பைசா கொடுத்தார்கள். சேர்ந்தது வயலுக்கு உரமாயிற்று. அகமதாபாத் மாநகராட்சி 2015-ல் தடவைக்கு 1 ரூபாய் கொடுத்தது. பெரியவர்களுக்கே இப்படி என்றால் இரண்டு வயதுப் பிள்ளையை என்ன சொல்ல?

அமெரிக்காவில் நேதன் அஸ்ரின், ரிச்சர்டு ஃபாக்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1974-ல் ஒரு புத்தகமே எழுதினார்கள், ஒரே நாளுக்குள் பழக்கிவிடலாம் என்று. நிறைய குடிக்கக் கொடுப்பது, சீட்டில் போனவுடன் தின்பண்டம், கைதட்டல். 'ஒரே நாள்' என்பதை நான் நம்பவில்லை. ஆனால் 'உடனே' என்பதை நம்புகிறேன். காலையில் போன மூச்சாவுக்கு, ராத்திரி அப்பா வாங்கி வரும் ஐஸ்கிரீம்தான் பரிசு என்று அந்த வயதுக்குப் புரியாது.

பரிசு கொடுத்தால் ஆர்வம் போய்விடும் என்பவர்களும் உண்டு. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் செய்த சோதனையில், படம் வரைய ஆசைப்பட்ட குழந்தைகள் பரிசு உண்டு என்று சொல்லி வரையச் சொன்ன பிறகு, தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். உண்மைதான். ஆனால் வரைவது அவர்களுக்கு முன்பே பிடித்த வேலை. பிளாஸ்டிக் சீட்டில் உட்காருவது யாருக்குப் பிடிக்கும்?

ஆகவே கொடுங்கள். ஆனால் உட்கார்ந்ததற்குக் கொடுங்கள், வந்ததற்கு அல்ல. உட்காருவது குழந்தையின் கையில் இருக்கிறது, வருவது இல்லை. வந்தால்தான் உண்டு என்றால், கெட்டிக்காரப் பிள்ளை சொட்டுச் சொட்டாக ஐந்து தடவை போய் ஐந்து பரிசு வாங்கிவிடும். பரிசு சிறியதாக இருக்கட்டும்: ஒரு ஸ்டிக்கர், ஒரு துண்டு பப்பாளி. இரண்டு வயதுக்குள் சர்க்கரை வேண்டாம். கெட்டி மிட்டாய், வேர்க்கடலை, முழு திராட்சை தொண்டையில் அடைக்கும். ஒரு வாரம் போனதும் இரண்டு தடவைக்கு ஒன்று, பிறகு கைதட்டல் மட்டும். பெரும்பாலும் குழந்தையே பரிசை மறந்துவிடும், நினைவூட்டுவது தாத்தாதான்.

முக்கியமாகச் சொல்ல வந்தது மலச்சிக்கலைப் பற்றி. ஒரு தடவை ஆய் கெட்டியாகி வலித்துவிட்டால், குழந்தை அடுத்த தடவை பயந்து அடக்கும். அடக்க அடக்க இன்னும் கெட்டியாகும், இன்னும் வலிக்கும். கால்களைப் பின்னிக்கொண்டு மூலையில் நிற்பது, சோபாவுக்குப் பின்னால் ஒளிவது, பலர் நினைப்பது போல முக்குவது அல்ல, அடக்குவது. உள்ளே கட்டிப்போனதைச் சுற்றி நீராகக் கசிந்து உள்ளாடை கறையாகும். வயிற்றுப்போக்கு என்றோ திமிர் என்றோ எண்ணி அடிக்கிற வீடுகள் இருக்கின்றன. இந்தக் குழந்தைக்குச் சாக்லேட்டைக் காட்டினாலும் போகாது. அதைக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வைப்பது அடிப்பதற்குச் சமம். பழக்குவதை நிறுத்திவிட்டு, டயப்பரை மறுபடி போட்டுவிட்டு, குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மலத்தை இளக்கும் மருந்து தருவார், பல வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். ரத்தம், வாந்தி, வயிறு உப்பல் இருந்தால் அன்றே போங்கள்.

இன்னொன்று. நம் ஊர்க் கழிப்பறையில் குத்துக்காலிட்டால் பாதம் தரையில் ஊன்றும். புது வீடுகளின் வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் அந்தரத்தில் தொங்கும், முக்க வராது. பாதத்தின் கீழே ஒரு சின்ன முக்காலி போடுங்கள். பல வீடுகளில் பரிசைவிட முக்காலிதான் வேலை செய்திருக்கிறது.

பள்ளி திறப்பதற்குள் முழுதாகப் பழகாவிட்டாலும் பையில் இரண்டு செட் மாற்றுத் துணி வைத்து அனுப்புங்கள். உங்கள் வீட்டில் குழந்தை 'ஆய்' என்று சொல்லுமா, 'கக்கா' என்று சொல்லுமா என்பதை முதல் நாளே ஆயாம்மாவிடம் சொல்லிவிடுங்கள். 'ஆயா' என்று தம்மைக் கூப்பிடுவதாக நினைத்து அவர் சிரித்துவிட்டுப் போனால், பாவம், துணி நனைந்துவிடும்.